சாமி பாத்துக்கும்

தன் மகள் தோற்றுப்போக வேண்டும் என்று காளீஸ்வரி வேண்டிக்கொண்டாள். வேண்டி முடித்த கையோடு, ஐயோ, பெற்றவள் வாயில் வருகிற வார்த்தையா இது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பேருந்து டவுனுக்குள் நுழைகிற வரைக்கும் வேண்டுவதும் கன்னத்தில் போட்டுக்கொள்வதுமாகவே வந்தாள். கடைசியில் யாருக்கும் பாதகமில்லாமல் வேண்ட ஒரு வழி தெரிந்தது. 'எம்புள்ள நல்லா இருக்கட்டும். அந்தப் புள்ள அதவிட ஒரு துளி நல்லா இருக்கட்டும்.'

அந்தப் பிள்ளை வேறு யாருமில்லை. அதுவும் அவள் மகள்தான். நிழற்பிள்ளை.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொன்னால்தான் விளங்கும். பிள்ளைநல வாரியம் ஒரு வீட்டிலிருந்து குழந்தையை எடுத்துப்போய் வளர்மனையில் வைக்கிறது. எடுத்தது அந்தக் குழந்தைக்கு நல்லதா கெட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முன்னெல்லாம் எடுத்த பிள்ளைகளையும் எடுக்காத பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆளுக்கு ஆள் வேறு, வீட்டுக்கு வீடு வேறு, அது என்ன ஒப்பீடு என்று படித்தவர்களுக்குள் ஓயாத சண்டை. சண்டையை முடித்துவைத்தது நிழற்பிள்ளை. குழந்தையை எடுக்கிற அன்றே, அதே குழந்தையைக் கணிப்பொறிக்குள் இன்னொரு தடவை உண்டாக்கிவிடுவார்கள். அதே ரத்தம், அதே எடை, அதே வீடு, அதே தெரு. பெய்கிற மழைகூட ஊரில் பெய்த அதே மழை. ஒரே ஒரு வித்தியாசம், அந்தப் பிள்ளையை யாரும் எடுத்துப் போகவில்லை. அது அம்மாவோடு வளர்ந்துகொண்டிருக்கும்.

வருடத்துக்கு ஒருமுறை இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அளப்பார்கள். உயரம், பேச்சு, எழுத்து, தூக்கம், சிரிப்பு எல்லாவற்றையும். நிஜப்பிள்ளை முந்தியிருந்தால் எடுத்தது சரி என்று அர்த்தம். நிழல் முந்திவிட்டால், வாரியமே மரியாதையாகப் பிள்ளையைக் கொண்டுவந்து தாயிடம் விட்டுவிடும். வாரியத்தைச் சும்மா வாயில் போட்டு மெல்லவும் முடியாது. செங்கல் சூளையில் வெந்த பிள்ளைகளையும் குடிகாரத் தகப்பனிடம் அடிவாங்கிய பிள்ளைகளையும் அது நிஜமாகவே காப்பாற்றியது. அதனால்தான் ஊர் உலகமெல்லாம் அதை நம்பியது. 'நிழல் பொய் சொல்லாது' என்று பேருந்திலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள்.

போன வருடம் இரண்டும் ஏறக்குறையச் சமமாக வந்து நின்றன. மதிப்பீட்டு அலுவலர் ஷர்மிளா மேடம் நல்ல மனுசி. சொல்லக்கூடாததைச் சொல்லுகிற மாதிரி குரலைத் தணித்து, "அடுத்த வருசம் நம்பிக்கையா வாங்கம்மா" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு காளீஸ்வரி ஒரு வருடத்தை ஓட்டிவிட்டாள். வயிற்றில் இன்னொன்றும் வளர்ந்துகொண்டிருந்தது. புருசன் குஜராத் கடலில் மின்சாரக் காற்றாடி நடுகிற வேலையில் இருந்தான். எப்போதாவது வருவான், நாலு நாள் தூங்குவான், போய்விடுவான். அவளுக்குத் துணை என்றால் பக்கத்து வீட்டு சாமிதான்.

சாமியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. முழுப்பெயர் சாமித்தாய். நீலக் கதவு வீடு. தையல் தொழில், கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டவள், நல்ல வாயாடி. காளீஸ்வரியைவிட நாலைந்து வயது மூத்தவள். ஆனால் அக்கா என்று யாராவது கூப்பிட்டால் போச்சு. "யாருடி அக்கா? நான் என்ன பென்சனா வாங்குறேன்?" என்று மல்லுக்கு நிற்பாள். அதனால் தெருவில் சின்னது பெரிசு எல்லாருக்கும் அவள் வெறும் சாமி.

ஊருக்குக் கிழக்கே முழுக்கச் சூரியத்தகட்டு வயல். தகடுகளைக் கழுவப் பொறிகள் கொண்டுவந்து பார்த்தார்கள். அந்தப் பக்கத்துப் புழுதிக்கு அவை ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டன, கம்பெனி மறுபடி பெண்களைக் கூப்பிட்டது. வெயில் ஏறிய தகட்டில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். எனவே விடியுமுன்னே கழுவி முடித்தாக வேண்டும். காளீஸ்வரி கிளம்புகிற சத்தம் கேட்டதும் நீலக் கதவு திறக்கும். சாமி தன் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, தூங்குகிற மகள் சுடர்விழியின் பக்கத்தில் பாயில் படுத்துக்கொள்வாள். பிள்ளை தூக்கத்திலேயே அவள் பின்னலைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். காளீஸ்வரி வேலை முடிந்து வருகிறபோது பிள்ளை குளித்து, இட்லி தின்று, பொட்டு வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கும்.

சுடர்விழிக்கு மூன்று வயதானபோது வாரியத்தின் நலமானி வந்தது. மூன்று சக்கரத்தில் தெருவெல்லாம் உருண்டு வந்து வீட்டுக்கு வீடு பேட்டி எடுக்கிற பொறி. குரல் தேனாக இருக்கும்.

"நீங்கள் வேலைக்குப் போகும்போது பாப்பாவை யார் பார்த்துக்கொள்வார்கள்?"

"சாமி பாத்துக்கும்."

"தினமும் அப்படித்தானா?"

"தினமும்தான். சாமி இருக்கையில எனக்கு என்ன பயம்?"

அவ்வளவுதான் பேச்சு. அந்தப் பக்கத்தில் மனசுக்கு நெருக்கமான பெண்களை 'அவ' என்றும் சொல்லமாட்டார்கள், 'அவுங்க' என்றும் சொல்லமாட்டார்கள். 'அது' என்பார்கள். அக்கா வருது, அத்தை தூங்குது, சாமி தைக்குது. கோயிலுக்குள் நிற்கிற சாமிக்கும் இதே பேச்சுதான். சாமி கேக்கும், சாமி குடுக்கும், சாமி கண்ணைக் குத்தும். நலமானி கோடிக்கணக்கான பேரின் பேச்சைக் கேட்டுத் தமிழ் கற்றுக்கொண்டது. 'சாமி பாத்துக்கும்' என்று சொன்ன அத்தனை பேரும் அண்ணாந்து மேலே பார்த்தவர்கள். ஆகவே, பிள்ளையைக் கவனிக்க ஆள் யாருமில்லை, தாய் கடவுள்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு இருட்டில் வேலைக்குப் போகிறாள் என்று அது எடுத்துக்கொண்டது. நீலக் கதவுக்காரியை அண்டைவீட்டார், உறவில்லை என்று ஓர் ஓரத்தில் போட்டுவைத்தது. அந்த மாதமே வண்டி வந்து சுடர்விழியை ஏற்றிக்கொண்டு போனது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு விசாரணையிலும் காளீஸ்வரி இதையேதான் கேட்டாள், ஏன் எடுத்தீர்கள் என்று. பராமரிப்பு இல்லை என்பார்கள். "சாமி இருக்கே மேடம்!" என்று பதறுவாள். ஷர்மிளா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இருக்கும்மா, யாரு இல்லன்னா?" என்பாள். ஒருமுறை சாமியே கிளம்பி வந்தாள். உறவா என்று வாசலில் கேட்டார்கள். பக்கத்து வீடு என்றாள். உறவு இல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் கெட்டவர்கள் இல்லை. நினைத்தால் வயிறு எரிகிறது.

இந்த முறை ஷர்மிளா எழுந்து வந்து கதவருகிலேயே அவளை அழைத்துப்போனாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க காளீஸ்வரிம்மா. தண்ணி குடிக்கிறீங்களா?"

"தண்ணியெல்லாம் அப்புறம் மேடம். யாரு முந்தியிருக்கா? அத மொதல்ல சொல்லிருங்க."

ஷர்மிளா மேசையைப் பார்த்தாள். "நிழல் அணைஞ்சிருச்சும்மா."

"அணைஞ்சிருச்சுன்னா?"

"அந்தப் பிள்ள இப்ப இல்லம்மா. ஐப்பசி மழைல... பாம்பு."

காளீஸ்வரிக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. பாம்பு கணிப்பொறிக்குள் எப்படிப் போகும் என்றுதான் தோன்றியது. ஷர்மிளா பொறுமையாகச் சொன்னாள். ஊரில் நடக்கிறதெல்லாம் நிழலுக்குள்ளும் நடக்கும். அந்த மழையில் அவர்கள் தெருவில் ஒரு கட்டுவிரியன் வந்தது பஞ்சாயத்துப் பதிவில் இருக்கிறது. அது எந்த வீட்டுக்குள் போயிருக்கும், எந்த நேரத்தில், யார் இருந்திருப்பார்கள் என்று, நலமானி எழுதி வைத்ததைக் கொண்டு கணிப்பொறி கணக்குப் போட்டிருக்கிறது. "பாக்கணும்னு கட்டாயம் இல்ல. பாக்குறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு, அவ்வளவுதான்."

"காட்டுங்க."

சுவர் வெளிச்சமானது. அவள் வீடுதான், அவள் தகடு கழுவப் போயிருக்கிற விடியாத நேரம். அவள் பாய், அவள் குடம், ஆணியில் தொங்குகிற அவள் பழைய சேலை. பாயில் ஆறு வயதுப் பிள்ளை ஒருக்களித்துத் தூங்குகிறது. வளர்மனைச் சுடர்விழியைவிடக் கொஞ்சம் கறுப்பு, முடி நீளம், காலில் கொலுசு. தன்னிடம் வளர்ந்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும், இந்தக் கொலுசைத்தான் வாங்கிப் போட்டிருப்பேன் என்று காளீஸ்வரி நினைத்தாள். பிள்ளையின் பக்கத்தில் பாய் காலியாகக் கிடந்தது. தலையணை இல்லை.

கட்டுவிரியன் கடித்தால் எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும். பிள்ளை எழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டது. அம்மா என்றது. தட்டுத்தடுமாறி வந்து கதவைத் திறந்து வாசற்படியில் உட்கார்ந்தது. கண்ணிமை தானாகக் கீழே இறங்கியது, விரலால் தூக்கி விட்டுக்கொண்டது. பக்கத்திலேயே, கூப்பிடு தூரத்தில் நீலக் கதவு. பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. கதவு திறக்கவே இல்லை.

"சாமி எங்க?" என்றாள் காளீஸ்வரி.

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"சாமி எங்க மேடம்? சாமி ஏன் வரல? எம்புள்ள வாசல்ல கெடக்கே, சாமி எங்க போச்சு?"

அறையிலிருந்த இன்னொரு அலுவலர் தலை குனிந்துகொண்டார். ஷர்மிளாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவளும் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள்.

"அப்படிக் கேக்காதீங்கம்மா. நானும் அதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். சில நேரம் சாமி கண்ண மூடிக்குது."

"கண்ண மூடித் தூங்குதா?" காளீஸ்வரியின் குரல் உடைந்தது. "எம்புள்ள இப்படித் துடிக்குது, அது தூங்குதா? அத நம்பித்தான விட்டுட்டுப் போனேன்!"

"தெரியும்மா. நம்பிக்கை வச்சதுல உங்க தப்பு ஒன்னும் இல்ல."

சுவர் அணைந்தது. காளீஸ்வரி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்தபோது அவள் முகம் வேறாக இருந்தது.

"அப்ப எங்கிட்ட இருந்திருந்தா எம்புள்ள செத்திருக்கும்."

ஷர்மிளா தண்ணீர்த் தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"இங்கயே இருக்கட்டும் மேடம். இனிமே நான் கேக்கல." திரையில் விரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். அந்த வருட அறிக்கையில் வாரியம் காப்பாற்றிய உயிர்களில் சுடர்விழியும் ஒன்றாகச் சேர்ந்தாள்.

கிளம்புமுன் பிள்ளையைப் பார்க்க விட்டார்கள். வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய முடி. "வணக்கம் அம்மா. பயணம் எப்படி இருந்தது?" என்று அச்சடித்த மாதிரி கேட்டாள். காளீஸ்வரி அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். உயிரோடு இருக்கிறாள், அதுவே போதும் என்றிருந்தது. சுடர்விழி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, சாமியைப் பார்க்க எப்போது போவோம்?"

"சாமியும் இல்ல, ஒன்னும் இல்ல. அந்தப் பேச்ச விடு."

"சின்னப் பிள்ளகிட்ட அப்படிச் சொல்லாதீங்கம்மா," என்றாள் ஷர்மிளா. குழந்தையின் தலையைத் தடவி, "கோயிலுக்கு நாங்களே கூட்டிட்டுப் போவோம், சரியா?" என்றாள். சுடர்விழி ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஊருக்கு வந்து இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. சாமி காளீஸ்வரி வீட்டு வாசலில் உட்கார்ந்து கையிலிருந்த சிமெண்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து வீட்டுச் சுவரிலும் வாசற்படியிலும் இருந்த எலிவளை, பொந்து, விரிசல் ஒன்று விடாமல் பூசி அடைத்திருந்தாள். பிள்ளை திரும்பி வருகிற வீடு, பூச்சி பொட்டு வரக்கூடாதல்லவா? உள்ளே புதுப் பாய் விரித்திருந்தது. அதன்மேல் சுடர்விழிக்குத் தைத்த பாவாடை, அளவு தெரியாததால் கொஞ்சம் தாராளமாகவே தைத்தது.

"என்னடி சொன்னாங்க? எப்ப கூட்டிட்டு வரலாமாம்? வாயத் திறந்து சொல்லித் தொலையேன்!"

காளீஸ்வரி அவளைத் தாண்டி உள்ளே போனாள். பிள்ளையை எடுத்துப்போன அன்று பாயிலேயே கிடந்த சாமியின் தலையணையை மூன்று வருடமாக அலமாரியில் எடுத்து வைத்திருந்தாள். அதைக் கொண்டுவந்து அவள் காலடியில் எறிந்தாள்.

"எம்புள்ள துடிக்கும்போது எங்க போன நீ?"

"எது? யாரு துடிச்சா? எப்ப?"

"பாம்பு கடிச்சப்ப. வாசல்ல உக்காந்து ஒன் கதவையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. நீ திறக்கல."

சுடர்விழிக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று சாமி தலையில் அடித்துக்கொண்டு அலறினாள். பிறகுதான் நிழற்பிள்ளை என்று விளங்கியது. விளங்கியதும் இன்னும் குழம்பிப்போனாள்.

"ஏண்டி, அந்தக் கட்டுவிரியன அடிச்சதே நான்தானடி! நீ வேலைக்குப் போயிருந்தப்ப வீட்டப் பெருக்க வந்தேன், இந்தப் படிக்கிட்ட கெடந்துச்சு, தொடப்பக்கட்டையாலயே அடிச்சேன். நான்தான போயி பஞ்சாயத்துலயும் சொன்னேன்!"

"இங்க அடிச்ச. அங்க அடிக்கலையே."

"எங்கடி?"

"அங்க."

"அங்கன்னா எங்க? நான் இங்கதான இருக்கேன்!"

காளீஸ்வரி கண்ணால் பார்த்துவிட்டாள். நிழல் பொய் சொல்லாது. எத்தனை வருடம்தான் ஊரான் பிள்ளையைப் பார்ப்பது என்று சாமிக்கு ஒருநாள் சலித்துப்போயிருக்கும், உறவா ஒட்டா என்று திரும்பிப் படுத்திருக்கும் என்று பேருந்தில் வரும்போதே மனசுக்குள் முடிவுகட்டியிருந்தாள். அதை அப்படியே சொல்லியும் விட்டாள். சொன்ன பிறகு அள்ள முடியவில்லை.

சாமி, வாயாடி சாமி, மல்லுக்கு நிற்கவில்லை. தலையணையை எடுத்துப் புழுதியைத் தட்டினாள். "நான் செய்யாததுக்கு நான் என்னடி சொல்றது," என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நாள் தையல் மிஷின் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. தம்பி வீட்டோடு போய்விட்டதாகத் தெருவில் சொன்னார்கள். நீலக் கதவில் பூட்டுத் தொங்கியது.

காளீஸ்வரிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. அடுத்த மழைக்காலத்துக்குச் சற்று முன்னால் அவள் மறுபடி தகடு கழுவப் போக வேண்டிய காலம் வந்தபோது, நலமானி தெருவுக்குள் உருண்டு வந்தது. அதே தேன் குரல்.

"நீங்கள் வேலைக்குப் போகும்போது தம்பியை யார் பார்த்துக்கொள்வார்கள்?"

அவள் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நீலக் கதவைப் பார்த்தாள். பூட்டில் துரு ஏறத் தொடங்கியிருந்தது.

"யாரும் இல்ல."

இந்த முறை நலமானிக்கு எந்தத் தவறும் நேரவில்லை. அவள் சொன்னது என்னவோ அதையே அது எடுத்துக்கொண்டது. முன்பு எடுத்துக்கொண்டதோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்துகிறது என்றும் சேர்த்துக்கொண்டது. நன்றி சொல்லிவிட்டுச் சக்கரத்தைத் திருப்பியது.

"இந்தா, நில்லு," என்று காளீஸ்வரி கூப்பிட்டாள். உள்ளே போய்த் துணிப்பையோடு வந்தாள். பிள்ளையின் சட்டைகளும் பால் புட்டியும் அதில் மடித்து வைத்திருந்தாள். வாசற்படியில் சாமி பூசிய சிமெண்ட் இன்னும் ஒரு விரிசல் விடாமல் இருந்தது. அதன்மேல் பையை வைத்தாள்.

"எப்ப வந்து எடுத்துக்குவீங்க? வெரசா வரச் சொல்லு. மழை வரப்போகுது, பாம்பு வர்ற நேரம். எங்கிட்ட இருந்தா இது செத்துப்போகும்."